பிலிப்பைன்ஸ் தேர்தலும் அமெரிக்க செனட்டின் 85 ஓட்டும்

நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

பிலிப்பைன்ஸ் அதிபர் மார்க்கோஸ் என்றால் நம் வயதுக்காரர்கள் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர் மனைவி இமெல்டாவின் செருப்புகள்தான். அரண்மனையை விட்டு ஓடியபோது ஆயிரம் ஜோடிக்கு மேல் விட்டுவிட்டுப் போனார் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அடுத்தது, டாங்கிகளுக்கு முன்னால் ஜெபமாலையோடு மண்டியிட்ட கன்னியாஸ்திரீகளின் படம். ஆனால் அதற்கு முன்னால் நடந்த ஒன்றைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

1986 பிப்ரவரி 7-ஆம் தேதி அங்கே அதிபர் தேர்தல் நடந்தது. 22-ஆம் தேதி ராணுவத்தின் ஒரு பகுதி மார்க்கோஸுக்கு எதிராகத் திரும்பியது. இடையில் பதினைந்து நாள். அந்தப் பதினைந்து நாளுக்குள் ஒரே தேர்தலைப் பற்றி இரண்டு சட்டமன்றங்கள் தீர்ப்புச் சொல்லின. மணிலாவில் இருந்த சட்டமன்றம், மார்க்கோஸ்தான் ஜெயித்தார் என்று அறிவித்தது. உலகத்தின் மறுபக்கத்தில் வாஷிங்டனில் இருந்த செனட், இந்தத் தேர்தலை மக்கள் தீர்ப்பாக ஏற்க முடியாது என்று 85-க்கு 9 என்ற கணக்கில் ஓட்டுப் போட்டது. சொந்த நாட்டுச் சட்டமன்றம் பொய் சொல்ல, அயல்நாட்டுச் சட்டமன்றம் உண்மை சொன்ன இந்த விசித்திரம் எப்படி நடந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி.

ஸ்பெயினிடமிருந்து 1898-இல் அமெரிக்கா கைக்கு மாறிய நாடு பிலிப்பைன்ஸ். நமக்கு வெள்ளைக்காரன் போல அவர்களுக்கு அமெரிக்கன். அந்த நாட்டுக்கு எப்போது சுதந்திரம் என்பதை முடிவு செய்ததே அமெரிக்க காங்கிரஸ்தான். 1934-இல் ஒரு சட்டம் போட்டு, பத்து வருஷ இடைக்காலம் கொடுத்தார்கள். நடுவில் ஜப்பான்காரன் புகுந்து நாட்டைச் சுடுகாடாக்கிவிட்டுப் போனான். கடைசியில் 1946 ஜூலை 4-ஆம் தேதி சுதந்திரம் வந்தது. தேதியைக் கவனியுங்கள், அமெரிக்காவின் சுதந்திர தினமும் அதுவே. அதே ஆண்டு அமெரிக்க காங்கிரஸ் நிறைவேற்றிய பெல் வர்த்தகச் சட்டத்தின் மூலம், பிலிப்பைன்ஸின் இயற்கை வளங்களில் அமெரிக்கர்களுக்கும் உள்நாட்டுக் குடிமக்களுக்கு உள்ள அதே உரிமை என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். மறு ஆண்டு ராணுவத் தளங்களுக்கான ஒப்பந்தம். கிளார்க் விமானப்படைத் தளம், சுபிக் விரிகுடா கடற்படைத் தளம். வியட்நாம் போருக்கு இந்த இரண்டும்தான் முதுகெலும்பாக இருந்தன.

மார்க்கோஸ் 1965-இல் அதிபரானார், 1969-இல் மறுபடி வென்றார். அரசியல் சட்டப்படி அதற்கு மேல் நிற்க முடியாது. 1972 செப்டம்பரில் ராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தார். நாட்டின் காங்கிரஸை இழுத்து மூடினார். எதிர்க்கட்சி செனட்டர்களைச் சிறையில் போட்டார். அவர்களில் முக்கியமானவர் பெனிக்னோ அக்கினோ. ஏழு வருஷத்துக்கு மேல் சிறை, பிறகு இருதய சிகிச்சைக்காக அமெரிக்கா. 1983 ஆகஸ்ட் 21-இல் ஊர் திரும்பியவரை மணிலா விமான நிலையத்தில் விமானத்தை விட்டு இறங்கும்போதே சுட்டுக் கொன்றார்கள்.

இவ்வளவு காலமும் அமெரிக்க காங்கிரஸ் என்ன செய்தது? ஆண்டுதோறும் பணம் ஒதுக்கிக்கொண்டிருந்தது. அதையும் சொல்லாமல் விடக்கூடாது. 1981-இல் மார்க்கோஸ் எதிர்க்கட்சிகள் புறக்கணித்த ஒரு தேர்தலில் வென்று பதவியேற்றபோது, அமெரிக்கத் துணை அதிபர் ஜார்ஜ் புஷ் (மூத்தவர்) மணிலாவுக்கே போய், ஜனநாயகத்தில் உங்களுக்குள்ள பற்றை நாங்கள் நேசிக்கிறோம் என்று விருந்தில் பாராட்டிவிட்டு வந்தார். 1983-இல் தளங்களுக்காக ஐந்தாண்டுக்கு 90 கோடி டாலர் என்று பேசி முடித்தார்கள். செனட்டின் 85 ஓட்டைப் பாராட்டும்போது இதையெல்லாம் மறக்கக் கூடாது.

அக்கினோ கொலைக்குப் பிறகு காற்று மாறியது. பிரதிநிதிகள் சபையில் ஆசிய விவகாரங்களுக்கான துணைக்குழுவின் தலைவர் ஸ்டீபன் சோலார்ஸ், நியூயார்க்கின் புரூக்ளின் தொகுதிக்காரர். நியூயார்க் நகரில் பெரிய பெரிய கட்டடங்களை வேறு ஆட்கள் பெயரில் வைத்திருப்பது மார்க்கோஸ் குடும்பம்தானா என்று அவருடைய குழு விசாரணை நடத்தியது. ராணுவ உதவியை வெட்டி, அதைப் பொருளாதார உதவிப் பக்கம் தள்ளவும் காங்கிரஸ் ஆரம்பித்திருந்தது. வெள்ளை மாளிகையில் ரீகனுக்கு மார்க்கோஸ் பழைய நண்பர், கம்யூனிஸ்டு எதிர்ப்பாளர். அதனால் நேரடியாக எதுவும் சொல்லவில்லை. 1985 அக்டோபரில் தன் நெருங்கிய நண்பரான செனட்டர் பால் லாக்சால்ட்டை மணிலாவுக்கு அனுப்பி, நிலைமை சரியில்லை என்று சொல்லச் சொன்னார்.

மார்க்கோஸ் கெட்டிக்காரர். அமெரிக்காவின் வாயை அடைக்க அமெரிக்கத் தொலைக்காட்சியையே தேர்ந்தெடுத்தார். 1985 நவம்பர் 3-ஆம் தேதி ஏபிசி தொலைக்காட்சியின் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது போல, உடனடியாகத் தேர்தல் வைக்கத் தயார் என்று அறிவித்தார். தன் நாட்டு மக்களுக்குத் தேர்தல் அறிவிப்பதற்கு அயல்நாட்டு டி.வி.! அமெரிக்க காங்கிரஸ்காரர்கள் வேண்டுமானால் வந்து பார்க்கட்டும் என்று அழைப்பும் விடுத்தார். அந்த அழைப்புத்தான் அவருக்கு வினையாக முடிந்தது.

எதிர்த்து நின்றவர் கொல்லப்பட்ட அக்கினோவின் மனைவி கோரசோன். அதுவரை எந்தப் பதவியும் வகிக்காதவர். அனுபவம் இல்லாத பெண் என்று மார்க்கோஸ் கேலி செய்தார். பொய் சொல்வதிலும் திருடுவதிலும் எதிரிகளைக் கொல்வதிலும் எனக்கு அனுபவம் கிடையாதுதான் என்ற கருத்தில் அந்த அம்மாள் பதில் சொன்னார்.

இனி தேர்தல் நாளுக்கு வருகிறேன். இந்த இடத்தில் நம் ஆசிரிய நண்பர்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஏனென்றால் பிலிப்பைன்ஸிலும் வாக்குச்சாவடியை நடத்துபவர்கள் அரசுப் பள்ளி ஆசிரியர்களே. அன்று சாவடிக் குழுவின் தலைவர் ஆசிரியர், எழுத்தரும் ஆசிரியர், கூடவே கட்சிகளின் பிரதிநிதிகள். நம் ஊருக்கும் அவர்கள் ஊருக்கும் அன்று ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. நாம் பெட்டிக்குச் சீல் வைத்து, முகவர்களிடம் கையெழுத்து வாங்கி, மண்டல அலுவலர் வண்டிக்காக நடுராத்திரி வரை காத்திருந்து ஒப்படைத்துவிட்டு வந்துவிடுவோம். எண்ணுவது வேறு இடம், வேறு நாள். அங்கே அன்று அப்படி இல்லை. வாக்குப்பதிவு முடிந்ததும் அதே வகுப்பறையில், எல்லார் கண்ணெதிரிலும், ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துப் பெயரை உரக்கப் படித்து, ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு எண்ண வேண்டியிருந்தது. பிறகு முடிவுத்தாளைப் பல பிரதிகள் எழுதிக் கையெழுத்திட வேண்டியிருந்தது.

அந்தப் பிரதிகளில் ஒன்று நாம்ஃப்ரெல் என்ற மக்கள் அமைப்புக்குப் போனது. சுதந்திரமான தேர்தலுக்கான தேசிய இயக்கம் என்று பொருள். ஒரு தொழிலதிபர் தலைமையில், பாதிரியார்கள், கன்னியாஸ்திரீகள், மாணவர்கள், இல்லத்தரசிகள் என்று சுமார் 5 லட்சம் தன்னார்வலர்கள் அதில் இருந்ததாகச் சொல்வார்கள். மணிலாவில் லா சால் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் உட்கார்ந்து அவர்கள் தனியாகக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அரசின் தேர்தல் ஆணையமான கோமெலெக் இன்னொரு பெரிய மாநாட்டு அரங்கத்தில் கம்ப்யூட்டர் வைத்துக் கூட்டியது. இரண்டு பலகையிலும் இரண்டு கணக்கு. நாம்ஃப்ரெல் பலகையில் கோரசோன் முன்னிலை, கோமெலெக் பலகையில் மார்க்கோஸ் முன்னிலை.

பிப்ரவரி 9-ஆம் தேதி இரவு கோமெலெக் அரங்கத்தில் கம்ப்யூட்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் எழுந்து வெளியே நடந்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். நாங்கள் உள்ளே போடும் எண் ஒன்று, பலகையில் ஏறும் எண் வேறு என்று சொல்லிவிட்டு, ஒரு மாதா கோயிலில் தஞ்சம் புகுந்தார்கள். அங்கே வந்து அவர்களைச் சந்தித்தவர்களில் ஒருவர் அமெரிக்க செனட்டர் ஜான் கெர்ரி. பிற்பாடு அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்றாரே, அவரே. அரசாங்கச் சம்பளம் வாங்குகிற, பாதுகாப்பு எதுவும் இல்லாத அந்தச் சிறுபெண்களின் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. மாதா கோயிலுக்குள் இருந்த அவர்களுக்கு வெளியே என்ன காத்திருக்கிறது என்று தெரியாது. இரண்டு நாள் கழித்து, 11-ஆம் தேதி, அண்டீக் மாகாணத்தின் முன்னாள் ஆளுநரும் கோரசோன் கட்சிக்காரருமான எவேலியோ ஹாவியரைப் பட்டப்பகலில் துரத்திச் சுட்டுக் கொன்றார்கள்.

கெர்ரி அங்கே எப்படி வந்தார்? மார்க்கோஸின் அழைப்பை ஏற்று அமெரிக்கா அனுப்பிய அதிகாரபூர்வ பார்வையாளர் குழுவில் அவரும் ஒருவர். குழுவுக்கு இரண்டு தலைவர்கள். செனட் வெளியுறவுக் குழுவின் தலைவர் ரிச்சர்ட் லூகர், ரீகனின் குடியரசுக் கட்சிக்காரர். இன்னொருவர் பிரதிநிதிகள் சபையைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சிக்காரர் ஜான் முர்த்தா. லூகர் அமைதியான ஆள், வார்த்தையை அளந்து பேசுபவர். அவரே மணிலாவில் இருக்கும்போதே வாக்கு எண்ணிக்கையை அரசு வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். வாஷிங்டன் திரும்பி 11-ஆம் தேதி ரீகனிடம் நேரில் விளக்கினார்.

அன்று மாலை ரீகன் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். முறைகேடு இரண்டு பக்கமும் நடந்திருக்கக்கூடும் என்றார்.

ஒரே ஒரு வாக்கியம். மணிலாவில் அதைக் கேட்டவர்கள் கொதித்துப்போனார்கள். ஜனநாயகத்தின் நண்பர் என்று சொல்லிக்கொள்பவரின் நோக்கமே சந்தேகமாக இருக்கிறது என்கிற அளவுக்குக் கோரசோன் கடுமையாகப் பேசினார். இருதரப்பும் தப்புச் செய்தது என்று சொல்வது நடுநிலை மாதிரித் தெரியும். வகுப்பில் ஒரு பையன் இன்னொருவனை அடித்துவிட்டு நிற்கும்போது, விசாரிக்கச் சோம்பல்பட்டு இரண்டு பேரையும் முட்டி போடச் சொல்கிற வாத்தியாரின் நடுநிலை அது. அடித்தவனுக்குத்தான் லாபம்.

பிலிப்பைன்ஸ் ஆயர் பேரவை அதற்கு நேர்மாறாக நடந்தது. இந்தத் தேர்தலில் நடந்த மோசடிக்கு இணையே கிடையாது என்றும், இப்படிக் கைப்பற்றிய ஆட்சிக்குத் தார்மீக அடிப்படை இல்லை என்றும் 14-ஆம் தேதி வெளியான அறிக்கையில் சொன்னது. பத்தில் எட்டுப் பேர் கத்தோலிக்கர்களாக உள்ள நாட்டில் அதன் கனம் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள், பிப்ரவரி 15. பட்டாசாங் பம்பன்சா என்ற அவர்களுடைய சட்டமன்றம் கூடியது. இதுவே சட்டப்படி முடிவை அறிவிக்கும் இடம். மூன்றில் இரண்டு பங்கு மார்க்கோஸ் கட்சி. முடிவுத்தாள்களில் சீல் இல்லை, கையெழுத்து இல்லை, திருத்தல் இருக்கிறது என்று எதிர்க்கட்சியினர் எழுப்பிய ஆட்சேபங்கள் எடுபடவில்லை. அவர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். மார்க்கோஸுக்கு 1 கோடியே 8 லட்சம் ஓட்டு, கோரசோனுக்குச் சுமார் 93 லட்சம், வித்தியாசம் 15 லட்சம் என்று சபை அறிவித்தது.

சட்டப்படி பார்த்தால் விஷயம் முடிந்துவிட்டது. தேர்தல் ஆணையம் எண்ணிவிட்டது, சட்டமன்றம் அறிவித்துவிட்டது. இனி யாராவது அயல்நாட்டார் வாழ்த்துத் தந்தி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. பெரிய நாடுகளில் அப்படி வாழ்த்துச் சொன்னது எது தெரியுமா? சோவியத் யூனியன்! கம்யூனிஸ்டு எதிர்ப்பு என்று சொல்லியே இருபது வருஷம் ஓட்டிய மார்க்கோஸுக்கு சோவியத் தூதர் வாழ்த்துச் சொன்னார். அரசியலில் இது மாதிரி வேடிக்கைகளுக்குப் பஞ்சமே இல்லை.

வாஷிங்டனில் நிலைமை தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. செனட்டர்களின் கோபத்தைப் பார்த்து 15-ஆம் தேதி வெள்ளை மாளிகை தன் பேச்சைத் திருத்திக்கொண்டு, முறைகேடு பெரும்பாலும் ஆளுங்கட்சியால்தான் நடந்தது என்று அறிக்கை விட்டது. பிலிப் ஹபீப் என்ற மூத்த ராஜதந்திரியை மணிலாவுக்கு அனுப்பியது. ஆனால் மார்க்கோஸோடு உறவை முறிக்கவும் இல்லை, கோரசோனை அங்கீகரிக்கவும் இல்லை. ஆறப்போட்டால் தானே அடங்கும் என்று நினைத்தார்களோ என்னவோ.

அந்த நேரத்தில்தான் பிப்ரவரி 19, புதன்கிழமை, செனட் தீர்மானத்தை எடுத்துக்கொண்டது. பரவலான மோசடி நடந்திருப்பதால் இந்தத் தேர்தலைப் பிலிப்பைன்ஸ் மக்களின் விருப்பத்தின் நியாயமான வெளிப்பாடாகக் கருத முடியாது என்பதே அதன் சாரம். ஆதரவு 85, எதிர்ப்பு 9.

இந்த எண்ணைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். செனட்டில் மொத்தம் 100 பேர். அப்போது குடியரசுக் கட்சி 53, ஜனநாயகக் கட்சி 47. ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவர் விடாமல் எல்லாரும் ஆதரித்திருந்தாலும் 47தான் வரும். மிச்சம் 38 பேராவது ரீகனுடைய சொந்தக் கட்சிக்காரர்கள். நம் ஊரில் ஆளுங்கட்சி எம்.பி.க்கள் பெரும்பாலோர் பிரதமரின் வெளியுறவுக் கொள்கைக்கு எதிராக ஓட்டுப் போட்டால் என்ன ஆகும்? கட்சித்தாவல் தடைச் சட்டம் பாயும், ஆட்சி கவிழும். அங்கே அதிபர் தனி, காங்கிரஸ் தனி. அதிபரின் கட்சிக்காரரே அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டுவிட்டு மறுநாள் அவரோடு காபி குடிக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தீர்மானத்துக்குச் சட்ட வலிமை ஏதும் கிடையாது. செனட்டின் கருத்து, அவ்வளவுதான். மார்க்கோஸ் அதைக் கிழித்துக் குப்பையில் போட்டிருக்கலாம். பல்லுள்ள வேலை அடுத்த நாள் நடந்தது. சோலார்ஸின் துணைக்குழு, 9-க்கு 0 என்று, இரு கட்சியினரும் சேர்ந்து ஓட்டளித்தது. முறையான அரசு அமையும் வரை ராணுவ உதவிப் பணம் மார்க்கோஸ் கைக்குப் போகக்கூடாது, மனிதாபிமான உதவியைத் திருச்சபை போன்ற தனியார் அமைப்புகள் வழியாகக் கொடுக்கலாம் என்று முடிவு. அது இன்னும் சட்டமாகவில்லை. முழுச் சபை, செனட், அதிபர் கையெழுத்து என்று பல படி பாக்கி. ஆனாலும் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று பிலிப்பைன்ஸ் ராணுவ அதிகாரிகளுக்குத் தெரியும். துப்பாக்கி, தோட்டா, ஹெலிகாப்டருக்கு உதிரிபாகம் எல்லாம் எங்கிருந்து வருகிறது என்றும் தெரியும். சட்டம் வரும்வரை காத்திருந்து புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை அது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி வரும். இன்னொரு நாட்டுத் தேர்தலைப் பற்றித் தீர்மானம் போட அமெரிக்கா யார்? எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. 1970-இல் சிலி நாட்டில் அயெந்தே முறையாகத் தேர்தலில் வென்றபோது, அவர் பதவிக்கு வரவிடாமல் தடுக்க அமெரிக்க உளவுத்துறை செய்த வேலைகளை 1975-இல் அவர்களுடைய செனட் குழுவே விசாரித்து வெளியிட்டது. பிடித்தவன் ஜெயித்தால் ஜனநாயகம், பிடிக்காதவன் ஜெயித்தால் சதி என்கிற கதை அவர்களிடம் நிறைய உண்டு. அதனால் தேர்தலுக்குச் சான்றிதழ் கொடுக்கும் அதிகாரத்தை நான் வாஷிங்டனுக்குக் கொடுக்க மாட்டேன்.

ஆனால் பிலிப்பைன்ஸ் விஷயத்தில் என் எண்ணம் இது. அமெரிக்க செனட் அங்கே வெளியிலிருந்து வந்து தலையிட்ட மூன்றாம் ஆள் இல்லை. பதினான்கு வருஷமாக அந்தச் சர்வாதிகாரத்துக்குப் பணம் கட்டிய ஆள். தன் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதும், இந்தத் திருட்டுக்கு நான் உடந்தை இல்லை என்று சொல்வதும் தலையீடு ஆகாது. சும்மா இருந்திருந்தால்தான் அது தலையீடாக இருந்திருக்கும். மேலும் செனட் தானாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. வகுப்பறையில் கோடு போட்டு எண்ணிய ஆசிரியர்கள், பெட்டியின் மேல் படுத்துக் காவல் காத்த கன்னியாஸ்திரீகள், கம்ப்யூட்டரை விட்டு எழுந்து வந்த பெண்கள், இவர்கள் கையில் வைத்திருந்த கணக்கைத்தான் செனட் ஏற்றுக்கொண்டது. அந்தக் கணக்கு இல்லாவிட்டால் 15 லட்சம் வித்தியாசம் என்பதே சரித்திரமாகியிருக்கும்.

இதற்குப் பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்ததுதான். 22-ஆம் தேதி சனிக்கிழமை, பாதுகாப்பு அமைச்சர் ஹுவான் போன்ஸ் என்ரிலேயும் ராணுவத் துணைத் தளபதி ஃபிடல் ராமோஸும் பிரிந்துபோய் முகாமுக்குள் புகுந்துகொண்டார்கள். கர்தினால் சின் வானொலியில் மக்களை அழைத்தார். (கர்தினாலின் குடும்பப் பெயரே சின். தன் மாளிகைக்கு வருகிறவர்களை, சின் இல்லத்துக்கு, அதாவது பாவத்தின் வீட்டுக்கு வாருங்கள் என்று ஆங்கிலச் சிலேடையில் வரவேற்பாராம்.) எட்சா சாலையில் லட்சக்கணக்கில் ஜனம் திரண்டது. டாங்கிகள் நகரவில்லை. மக்கள்மேல் அந்த ஆயுதங்களைப் பயன்படுத்தினால் ராணுவ உதவி நிற்கும் என்று இப்போது வெள்ளை மாளிகையும் சொன்னது. சில நாள் முன்னால் சோலார்ஸ் குழு சொன்னதைத்தான் ரீகன் சொன்னார்.

கடைசிக் காட்சியும் அமெரிக்க காங்கிரஸ் கட்டடத்துக்குள்ளேதான். வாஷிங்டனில் 24-ஆம் தேதி மதியம், மணிலாவில் 25-ஆம் தேதி விடியற்காலை மூன்று மணி. வெளியுறவு அமைச்சர் ஷுல்ட்ஸும் ஹபீபும் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு நிலைமையை விளக்கிக்கொண்டிருந்தார்கள். லாக்சால்ட்டுக்கு ஃபோன் வந்தது. பேசியவர் மார்க்கோஸ். நான் விலக வேண்டும் என்று ரீகன் நினைக்கிறாரா, அதிகாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ள முடியாதா என்று கேட்டார். லாக்சால்ட் ரீகனைப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப அழைத்தார். நான் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்றார் மார்க்கோஸ். சுத்தமாக வெட்டிக்கொண்டு போய்விடுங்கள், நேரம் வந்துவிட்டது என்றார் லாக்சால்ட். மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை. லைனில் இருக்கிறீர்களா என்று லாக்சால்ட் கேட்க வேண்டியிருந்தது. இருக்கிறேன், எனக்கு மிக மிக ஏமாற்றமாக இருக்கிறது என்றார்.

யோசித்துப் பாருங்கள். சொந்தச் சட்டமன்றம் ஜெயித்தாய் என்று அறிவித்து பத்து நாள்தான் ஆகிறது. அன்று மதியம் பதவியேற்பு விழாவும் இருக்கிறது. அப்படிப்பட்ட ஆள் நான் இருக்கலாமா போகலாமா என்று கேட்டது அமெரிக்க செனட்டரிடம்! தன் பதவி எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரிந்திருந்தது. அன்று காலை கோரசோன் ஒரு மன்றத்தில் பதவியேற்றார். மதியம் மார்க்கோஸ் அரண்மனையில் பதவியேற்றார், டி.வி. ஒளிபரப்பு பாதியில் அறுந்தது. ராத்திரி ஹெலிகாப்டர் ஏறினார். கிளார்க் தளம், குவாம், பிறகு ஹவாய். 1989-இல் அங்கேயே இறந்தார்.

1986 செப்டம்பர் 18. கோரசோன் அமெரிக்க காங்கிரஸின் இரு சபைகளின் கூட்டுக் கூட்டத்தில் பேசினார். மூன்று ஆண்டுக்கு முன் கணவனைப் புதைப்பதற்காக இந்த நாட்டை விட்டுப் போன பெண், இப்போது ஒரு நாட்டின் அதிபராக வந்து நிற்கிறார். அவர் தேர்தல் வண்ணமான மஞ்சளில் உறுப்பினர்கள் பலர் வந்திருந்தார்கள். பேச்சில் கண்ணீர் கதை மட்டும் இல்லை. முந்தைய ஆட்சி வாங்கி வைத்த 2,600 கோடி டாலர் கடனை எங்கள் தலையில் கட்டியிருக்கிறீர்கள், அதனால் எங்கள் மக்களுக்கு ஒரு நன்மையும் கிடைக்கவில்லை என்கிற அர்த்தத்தில் நேராகவே சொன்னார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சில மணி நேரத்தில் பிரதிநிதிகள் சபை, பிலிப்பைன்ஸுக்குக் கூடுதலாக 20 கோடி டாலர் தருவதற்கு ஓட்டெடுத்தது. ஆதரவு 203, எதிர்ப்பு 197. ஆறே ஓட்டு வித்தியாசம். மோசடியைக் கண்டிக்க 85-க்கு 9, மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சிக்குப் பணம் கொடுக்க 203-க்கு 197. கண்டிப்பதற்குக் காசு செலவில்லை பாருங்கள்.

1987-இல் புதிய அரசியல் சட்டம் வந்தது. மார்க்கோஸ் மூடிய செனட் மறுபடி திறந்தது. தளங்களுக்கான ஒப்பந்தம் 1991-இல் முடிய இருந்தது. அதை நீட்டிக்க வேண்டும் என்று கோரசோனே விரும்பினார், ஆதரவாகப் பேரணியும் நடத்தினார். அந்த ஜூன் மாதம் பினாட்டுபோ எரிமலை வெடித்து, கிளார்க் தளத்தைச் சாம்பலில் புதைத்ததால் அதை அமெரிக்கர்கள் கைவிட்டுவிட்டார்கள். மிச்சம் இருந்தது சுபிக். ஒப்பந்தம் நிறைவேற 23 செனட்டர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 16 பேர் ஆதரிக்க வேண்டும்.

செப்டம்பர் 16, 1991. ஆதரவு 11, எதிர்ப்பு 12. எதிர்த்தவர்களில் என்ரிலேயும் ஒருவர். கடைசி ஓட்டைப் போட்டவர் அவைத்தலைவர் ஹோவிட்டோ சலோங்கா. மார்க்கோஸ் காலத்தில், 1971-இல், ஒரு தேர்தல் கூட்டத்தில் வெடித்த குண்டில் உயிர் தப்பி, உடம்பு முழுக்கச் சிதறல்களோடு வாழ்ந்த மனிதர் அவர். ஒப்பந்தம் தோற்றது என்று சுத்தியலைத் தட்டினார். வெளியே மழை, மழையிலும் ஜனம் நின்றிருந்தது. 1992 நவம்பர் 24-ஆம் தேதி சுபிக்கில் அமெரிக்கக் கொடி இறங்கியது. 1898-இல் வந்தவர்கள், 94 வருஷம் கழித்துக் கப்பல் ஏறினார்கள்.